பழைய மடிக்கணினிக்கு எதைச் செய்தால் தகும்?

‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்பது நம் முன்னோர் சொல்லிவைத்த கணக்கு. பொருளின் மதிப்பை, அதற்காகச் செய்யும் செலவு மிஞ்சிவிடலாகாது என்பது அதன் கருத்து. இந்தக் கணக்கை இன்று நம் இல்லங்களில் அடிக்கடி நினைவூட்டும் பொருள் ஒன்று உண்டு. அலமாரியின் மேல்தட்டிலோ கட்டிலின் அடியிலோ பையோடு கிடக்கும் பழைய மடிக்கணினியே அது. தூக்கி எறிய மனம் வருவதில்லை. திறந்து வேலை செய்யவோ பொறுமை போதுவதில்லை. “பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம்” என்பார் குடும்பத்தலைவர். “கொஞ்சம் செலவு செய்தால் ஓடும்” என்பார்கள் பிள்ளைகள். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கின்றது. எப்போது யார் சொல்வது சரி என்பதை இத்திங்கள் ஆராய்வோம்.

திருவள்ளூர் மாவட்ட வாசகர்களுக்கு இப்பொருள் சற்று நெருக்கமானது. தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தை 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் இம்மாவட்டத்தில்தான் தொடங்கிவைத்தது. அரசுப் பள்ளிகளோடு அரசு உதவி பெறும் பள்ளிகளும் அதில் அடங்கியமையால், நம் பள்ளிகளில் பயின்ற பிள்ளைகள் பலர் அதனைப் பெற்றனர். பின்வந்த ஆண்டுகளில் மாநிலமெங்கும் 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் இவ்வாறு வழங்கப்பட்டன. அவற்றுள் பல இன்னும் வீடுகளில் உயிரோடு இருக்கின்றன. ஆனால் திறப்பதற்குள் ஒரு குவளைக் காப்பியைக் குடித்து முடித்துவிடலாம் என்னும் நிலையில் இருக்கின்றன.

கண்டிகைத் தாயின் கேள்வி

திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகையிலிருந்து ஒரு தாய் நம்மிடம் கேட்டிருக்கின்றார். அவருடைய தம்பி 2012-இல் பன்னிரண்டாம் வகுப்புப் படித்தபோது பெற்ற கணினி வீட்டில் இருக்கின்றது. இப்போது மகள் கல்லூரியில் சேர்ந்திருக்கின்றாள். தாய்மாமன் கணினியைச் சீர்செய்து கொடுத்துவிடலாம் என்று கடைக்குக் கொண்டுபோனபோது, “ராம் போட வேண்டும், பேட்டரி மாற்ற வேண்டும், ஹார்ட் டிஸ்க் மாற்ற வேண்டும், மேலும் சில வேலைகள் உண்டு, எட்டாயிரம் ஆகும்” என்று சொல்லியிருக்கின்றார்கள். கையில் இருப்பதோ அடுத்த பருவக் கட்டணத்துக்காகச் சீட்டில் சேர்த்த பணம். “இதில் எது அவசியம், எது வீண்? எல்லாவற்றையும் செய்தாலும் கணினி ஓடுமா?” என்பது அவர் கேள்வி. பல குடும்பங்களின் கேள்வியும் இதுவே ஆதலின், விரிவாகவே விடை எழுதுகின்றோம்.

முதலில் நோயைக் கண்டறிக

மருத்துவர் நாடி பாராமல் மருந்து எழுதுவதில்லை. கணினிக்கும் அதே நெறி பொருந்தும். கணினி மெதுவாக ஓடுவதற்குப் பெரும்பாலும் நான்கு காரணங்களே உண்டு: வன்தட்டின் தாமதம், நினைவகப் பற்றாக்குறை, வெப்பம், பிராசஸரின் முதுமை. முதல் மூன்றுக்கும் மருந்து உண்டு. நான்காவதற்கு இல்லை என்றே கொள்ளலாம்.

எது காரணம் என்பதை அறிய ஒரு காசும் செலவில்லை. விண்டோஸ் 10 உள்ள கணினியில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் ‘டாஸ்க் மேனேஜர்’ திறக்கும். அதில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்னும் பகுதியைப் பார்க்க. வழக்கமாகச் செய்யும் வேலைகளைச் செய்துகொண்டே பத்து நிமிடம் கவனிக்க வேண்டும். ‘டிஸ்க்’ என்பது நூற்றுக்கு நூறில் நின்றுகொண்டு மற்றவை அமைதியாக இருந்தால் குற்றம் வன்தட்டினுடையது. ‘மெமரி’ தொண்ணூறைத் தாண்டி நின்றால் நினைவகம் போதவில்லை. இவ்விரண்டும் குறைவாக இருக்க, ‘சிபியு’ மட்டும் நூறிலேயே நின்றால் செலவு செய்வதில் பயனில்லை. விண்டோஸ் 7 உள்ளவர்கள் ‘ரிசோர்ஸ் மானிட்டர்’ என்பதில் இதே செய்திகளைக் காணலாம்.

முதற்செலவு: எஸ்.எஸ்.டி.

பழைய கணினிக்குச் செய்யத்தக்க செலவுகளுள் முதலிடம் எதற்கு என்று கேட்டால், தயங்காமல் எஸ்.எஸ்.டி.க்கே என்று சொல்வோம். காரணத்தையும் சொல்லிவிடுகின்றோம்.

பழைய வன்தட்டு உண்மையாகவே சுழலும் தட்டு. மடிக்கணினிகளில் அது பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும். ஒரு சுற்றுக்கு ஒரு நொடியில் ஏறத்தாழ தொண்ணூறில் ஒரு பங்கு நேரம் ஆகின்றது. வேண்டிய செய்தி முள்ளின் கீழ் வரும்வரை சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். முள் இடம் பெயரவும் நேரம் ஆகும். ஆக, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் செய்திகளை நொடிக்கு நூறு எடுப்பதே அதற்குக் கடினம். கணினி தொடங்கும்போதோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் தேவைப்படுகின்றன. நாம் காத்திருப்பதெல்லாம் அந்தத் தட்டின் சுழற்சிக்காகவே.

எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டும் இல்லை, முள்ளும் இல்லை, எல்லாம் சில்லுகள். அதே வேலையை நொடிக்குப் பல்லாயிரம் முறை செய்யும். ஆகவேதான் ஐந்து நிமிடம் எடுத்துத் திறந்த கணினி ஒரு நிமிடத்துக்குள் திறந்துவிடுகின்றது. கீழே விழுந்தாலும், பேருந்தில் அதிர்ந்தாலும் பழைய தட்டைப்போல எளிதில் கெடுவதில்லை.

வாங்கும்போது மூன்று செய்திகளை நினைவிற் கொள்க. 2012-ஐ ஒட்டிய கணினிகளுக்கு இரண்டரை அங்குல அளவுள்ள ‘சாட்டா’ வகையே பொருந்தும். சிறு பட்டைபோல இருக்கும் ‘எம்.2’ வகை, அதற்கான இடம் உள்ள பிந்திய கணினிகளுக்கே உரியது. அதிலும் ‘சாட்டா’, ‘என்.வி.எம்.இ.’ என இரு பிரிவுகள் உண்டு. எது பொருந்தும் எனக் கணினியின் மாதிரி எண்ணைக் காட்டிக் கேட்டறிந்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும். இரண்டாவது, மாணவர்க்கு 256 ஜி.பி. போதும். படங்களைச் சேர்த்து வைக்க, கழற்றிய பழைய தட்டையே ஓர் உறையில் பொருத்தி யு.எஸ்.பி. வழியாகப் பயன்படுத்தலாம். மூன்றாவது, ‘பழைய கணினியில் எஸ்.எஸ்.டி.யின் முழு வேகம் வராது’ என்று சிலர் சொல்வர். அது மெய்தான். ஆயினும் அதிகமாகக் கிடைக்கும் நன்மை வேகத்தினால் அன்று, காத்திருப்பு ஒழிவதனால் வருவது. அந்த நன்மை பழைய கணினிக்கும் முழுமையாகவே கிடைக்கும்.

இரண்டாவது: நினைவகம்

கடையில் ‘ராம்’ என்று சொல்லப்படும் நினைவகத்தைச் சமையலறை மேடைக்கு ஒப்பிடலாம். மேடை சிறிதானால், ஒன்றை எடுத்துப் பரணில் வைத்துவிட்டுத்தான் மற்றொன்றை இறக்க வேண்டும். 2 ஜி.பி. உள்ள கணினியை 4 ஆக்கினால் பெரும் மாற்றம் தெரியும். 4-ஐ 8 ஆக்கினால் நல்ல மாற்றம் தெரியும். வீட்டு வேலைக்கும் படிப்புக்கும் 8-ஐ 16 ஆக்குவது, இருவர் உள்ள வீட்டில் இருபது படி அரிசி வடிக்கும் அண்டா வாங்குவதற்கு ஒப்பாகும்.

ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கின்றது. முதற்கட்டமாக வழங்கப்பட்ட அரசுக் கணினிகள் பலவற்றில் 2 ஜி.பி. நினைவகமும் 320 ஜி.பி. வன்தட்டும் இருந்தன. விண்டோஸ் 7-இன் ‘ஸ்டார்ட்டர்’ என்னும் பதிப்பும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் அவற்றில் ஒருங்கே நிறுவப்பட்டிருந்தன. அந்த ஸ்டார்ட்டர் பதிப்பு 2 ஜி.பி.க்கு மேல் நினைவகத்தைப் பயன்படுத்தாது, அப்படியே வரையறுக்கப்பட்டது. அதை வைத்துக்கொண்டு புதிதாக 4 ஜி.பி. பொருத்தினால் கொடுத்த பணத்துக்கு எள்ளளவும் பயன் இராது. பிற விண்டோஸ் பதிப்புகளிலும் 32 பிட் வகையானால் 4 ஜி.பி.யே எல்லை. ஆகவே நினைவகம் வாங்குமுன் இயங்குதளத்தை மாற்றுவது பற்றி முடிவு செய்தல் வேண்டும். கண்டிகைத் தாய்க்குக் கடைக்காரர் இதைச் சொன்னதாகத் தெரியவில்லை.

நினைவகத்தின் வகையையும் நோக்குக. 2012-ஐ ஒட்டிய கணினிகள் டி.டி.ஆர்.3 வகையை ஏற்கும்; பிந்தியவை டி.டி.ஆர்.4. ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையவே நுழையாது. டி.டி.ஆர்.3-லும் 1.5 வோல்ட்டில் இயங்குவது, ‘எல்’ என்னும் எழுத்தோடு 1.35 வோல்ட்டில் இயங்குவது என இரண்டு உண்டு. உள்ளே இருக்கும் பட்டையைக் கழற்றி அதன் ஒட்டுச்சீட்டைக் கண்ணால் பார்த்து வாங்குவதே பாதுகாப்பு. சில கணினிகளில் நினைவகம் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அங்கே கூட்ட வழியில்லை. மேலும், 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து உலகெங்கும் நினைவகச் சில்லுகளின் விலை ஏறிற்று. ஆகவே இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்பது நன்று. பழைய கணினிகளிலிருந்து கழற்றிய டி.டி.ஆர்.3 பட்டைகளும் விற்கின்றன. கடையிலேயே பொருத்தி ஓட்டிக் காட்டினால் அவற்றை வாங்குவதில் தவறில்லை.

மூன்றாவது: தூசியும் வெப்பமும்

வேனிற்காலத்தில் தமிழகத்தில் மிகுந்த வெப்பம் பதிவாகும் ஊர்களுள் திருத்தணியும் ஒன்று. நாற்பது பாகையைத் தாண்டுவது அங்கே புதுமையன்று. கணினியின் விசிறியில் பல்லாண்டுத் தூசி பஞ்சுபோல் அடைத்திருந்தால் உள்ளே என்ன நேரும்? பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காலையில் ஒழுங்காக ஓடும் கணினி பிற்பகலில் தள்ளாடுவதன் காரணம் பெரும்பாலும் இதுவே. விசிறியைத் துப்புரவு செய்து, பிராசஸரின் மேல் காய்ந்துபோன பசையைத் துடைத்துப் புதிதாகத் தடவச் செய்யும் செலவு, மற்றச் செலவுகளை நோக்கச் சிறிது. வேறெதைச் செய்யாவிடினும் இதைச் செய்க. அதன்பின், மெத்தையின் மேலோ தலையணையின் மேலோ வைத்து வேலை செய்யும் வழக்கத்தைப் பிள்ளைகள் விட்டுவிடல் வேண்டும். கீழுள்ள காற்றுத் துளைகள் அடைபட்டால் துப்புரவு செய்ததும் வீணே.

பேட்டரியைப் பற்றி

பேட்டரி செத்துப்போயிற்று என்பதனாலேயே பலர் கணினியைக் கைவிடுகின்றனர். லிதியம் பேட்டரி சில நூறு முறை ஏற்றி இறக்கியதும் தளர்வது இயற்கை. ஆனால் வீட்டில் மேசைமேல் வைத்து, மின்னிணைப்போடு பயன்படுத்துவோர்க்குப் பேட்டரி கட்டாயமன்று. கல்லூரிக்கு நாள்தோறும் எடுத்துச் செல்ல வேண்டுமாயின் மட்டும் வாங்கலாம். பழைய மாதிரிகளுக்கு நிறுவனத்தின் அசல் பேட்டரி கிடைப்பது அரிது. கிடைப்பவற்றுள் பல போலி. பேட்டரியின்றி ஓட்டினால், மின்சாரம் நின்றவுடன் கணினியும் நிற்கும் என்பதால், எழுதுவதை அடிக்கடி சேமித்துக்கொள்ளும் பழக்கம் வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: பேட்டரி உப்பியிருந்தால், விசைப்பலகையோ கீழ்மூடியோ மேடிட்டிருந்தால், அன்றே மின்னிணைப்பைப் பிடுங்கி அதைக் கழற்றச் செய்க. அது தீப்பற்றக்கூடியது. குத்தவோ, அழுத்தவோ, குப்பையோடு சேர்த்துக் கொளுத்தவோ கூடாது. மின்னணுக் கழிவுகளைத் திரும்பப் பெறுவது உற்பத்தியாளர் பொறுப்பு என்று நடுவண் அரசின் 2022-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. பழைய பேட்டரியைச் சர்வீஸ் மையத்திலோ அங்கீகாரம் பெற்ற சேகரிப்பு நிலையத்திலோ ஒப்படைக்க.

செலவு செய்யத் தகாதவை

பிராசஸரை மாற்றுதல், மதர்போர்டை மாற்றுதல், உடைந்த திரையை மாற்றுதல் ஆகிய மூன்றும் பழைய கணினிக்கு ஏலாதவை. திரை கெட்டு மற்றவை நன்றாக இருந்தால், வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்துப் பயன்படுத்தலாம். சில விசைகள் மட்டும் வேலை செய்யாவிட்டால், தனி விசைப்பலகை ஒன்றை யு.எஸ்.பி.யில் செருகினால் போதும். வைஃபை கெட்டிருந்தால் விரல் நுனி அளவுள்ள யு.எஸ்.பி. கருவி போதும். நாளும் மணியும் தவறிக்கொண்டே இருந்தால் உள்ளே உள்ள சிறு பொத்தான் பேட்டரியை மாற்றினால் தீர்ந்தது. பெரும் பழுது என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டா.

இயங்குதளம் இல்லாமல் எதுவும் இல்லை

உறுப்புகளை மாற்றியும் உள்ளே ஓடும் இயங்குதளம் காலாவதியானதாக இருந்தால் முழுப்பயன் இல்லை. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. குரோம் உலாவி 2023-இன் தொடக்கத்தில் அதைக் கைவிட்டது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கோ டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், 2018-ஐ ஒட்டி வந்த அல்லது அதற்குப் பிந்திய பிராசஸரும் வேண்டும். முதற்கட்டக் கணினிகள் அந்தப் படியை ஏற இயலாது. குறுக்கு வழியில் ஏற்றிக் கொடுப்போரும், உரிமமில்லாப் படிகளை நிறுவிக் கொடுப்போரும் உண்டு. வங்கிக் கணக்கையும் மகளின் சான்றிதழ்களையும் வைத்திருக்கும் கணினியில் அதைச் செய்ய நாம் உடன்படோம்.

கட்டணமில்லா லினக்ஸே நல்வழி. ‘லினக்ஸ் மின்ட்’ போன்றவை 2 ஜி.பி. நினைவகத்திலும் ஓடும், 4 ஜி.பி. இருந்தால் இனிது ஓடும். கட்டுரை எழுதவும், கணக்குப் போடவும், படக்காட்சி அமைக்கவும் ‘லிப்ரே ஆபீஸ்’ உண்டு. தமிழ் தட்டெழுதவும் வசதி உண்டு. ஆனால் வணிகவியல் மாணவர் பயிலும் ‘டேலி’ போன்ற சில மென்பொருள்கள் விண்டோஸுக்கென்றே அமைந்தவை. ஆகவே மகளின் பாடத்துக்கு எந்த மென்பொருள் வேண்டும் என்று துறையில் கேட்ட பின்னரே முடிவு செய்தல் அறிவுடைமை.

கண்டிகைத் தாய்க்கு நம் விடை

அம்மா, பணத்தை எடுக்குமுன் இரண்டு இடங்களில் கேளுங்கள். முதலில் கல்லூரி அலுவலகம். கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கணினி வழங்கப்படும் என்று தமிழக அரசு 2025–26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. உங்கள் மகள் அந்தப் பட்டியலில் வருகின்றாளா என்று அறிக. வருவாளாயின், பழைய கணினிக்குத் துப்புரவுச் செலவே போதும். அடுத்து, பாடத்துறை. விண்டோஸ் கட்டாயம் என்றால் இந்தக் கணினியில் பணம் போட வேண்டா. அந்தப் பணத்தைப் புதிய கணினிக்கென்று ஒதுக்கி வையுங்கள்.

இரண்டும் இல்லையெனில், இந்த வரிசையில் செல்க. உள்ளே இருக்கும் படங்களையும் ஆவணங்களையும் முதலில் வேறிடத்தில் படி எடுத்துக்கொள்ளுங்கள். துப்புரவு செய்வியுங்கள். எஸ்.எஸ்.டி. பொருத்தி லினக்ஸ் நிறுவச் சொல்லுங்கள். ஒரு வாரம் மகள் பயன்படுத்திப் பார்க்கட்டும். அப்போதும் நினைவகம் போதவில்லை என்று தெரிந்தால் மட்டும் 4 ஜி.பி. ஆக்குங்கள். பேட்டரி இப்போது வேண்டா. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் எது பயன் தந்தது, எது வீண் என்று தெரியாமலே போகும்.

இந்த வரிசைக்கு வேறொரு காரணமும் உண்டு. எஸ்.எஸ்.டி.யை நாளை வேறு கணினிக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒன்றுமில்லாவிட்டால் உறையிலிட்டுச் சேமிப்புக் கருவியாக வைத்துக்கொள்ளலாம். நினைவகம், அதே வகையை ஏற்கும் கணினிக்கு மட்டும் உதவும். பேட்டரியோ இந்த மாதிரிக்கன்றி வேறெதற்கும் உதவாது. கணினி சாகும்போது உடன் சாகாத உறுப்புக்கு முதலில் செலவிடுக.

எல்லை ஒன்றும் வகுத்துக்கொள்ளுங்கள். சீர்செய்யும் மொத்தச் செலவு, பழுது நீக்கி விற்கப்படும் நல்ல கணினி ஒன்றின் விலையில் பாதியைத் தொடுமானால் அங்கேயே நிறுத்திவிடுக. உள்ளூர்க் கடையின் விலை மிகுதியாகத் தோன்றினால், திருத்தணியில் இரயிலேறிச் சென்னை சென்ட்ரலில் இறங்கி, அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் விலை கேட்கலாம். ஆனால் போக்குவரத்துச் செலவையும் ஒரு நாள் கூலியையும் கணக்கிற் சேர்த்துக்கொள்க. சில நூறு ரூபாய் வேறுபாட்டுக்காக அலைய வேண்டுவதில்லை. பழுதானால் நடந்துபோய்க் கேட்கக்கூடிய கடைக்கும் ஒரு மதிப்பு உண்டு.

எங்கே வாங்கினாலும் பில்லும் உத்தரவாதச் சீட்டும் இல்லாமல் திரும்பாதீர்கள். எஸ்.எஸ்.டி.க்கு நல்ல நிறுவனங்கள் மூன்று அல்லது ஐந்தாண்டு உத்தரவாதம் தருகின்றன. கழற்றிய பழைய தட்டையும் பழைய நினைவகத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவை உங்கள் உடைமை; குடும்பப் படங்கள் அந்தத் தட்டில் இருக்கின்றன.

எட்டாயிரம் என்று சொன்ன மதிப்பீட்டில் உண்மையாகவே தேவைப்படுவது ஒன்றிரண்டு வரிகளே. எஞ்சிய தொகை மகளின் பருவக் கட்டணத்துக்கு ஆகட்டும். கணினி ஓட வேண்டியது அவள் படிப்பதற்காக. அவள் படிப்புக்கு வைத்த பணத்தை அது விழுங்கிவிடலாகாது.